ஓடும்போது பார்க்கும் அளவு

ங்ங்ங்ங் என்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறிவந்து, வளைவில் சட்டென்று அடங்கி, ஒரு கணம் ஒன்றுமே இல்லாமல், பிறகு டொக் என்று எதையோ கவ்விக்கொண்டு மறுபடி அடித்தொண்டையில் ங்ங்ங்ங் என்று தொடங்கும் அந்தச் சத்தம். ஏற்காட்டில் எஸ்டேட் குவார்ட்டர்ஸ் ஜன்னல் கம்பியில் கன்னத்தை வைத்துக்கொண்டு கேட்ட சத்தம். சாயங்கால பஸ். சேலத்துக்கு எஸ்டேட் வேலையாகப் போன அப்பா அதில்தான் திரும்பி வருவார். கொண்டை ஊசி வளைவில் டிரைவர் கியரைக் குறைக்கும்போது நடுவில் விழுகிற அந்தச் சின்ன மௌனத்தில் மனோரஞ்சிதத்துக்கு மூச்சு நின்றுவிடும். கவ்வுமா, கவ்வாதா. கவ்வாவிட்டால் பஸ் அப்படியே பின்னாலேயே உருண்டு, அப்பாவையும் அவர் வாங்கிவரும் பொட்டுக்கடலை உருண்டையையும் சேர்த்துச் சேலத்திலேயே கொண்டுபோய் விட்டுவிடும் என்று அவள் தீர்மானமாக நம்பியிருந்தாள். ஒரு நாளும் கவ்வாமல் இருந்ததில்லை. ஆனாலும் மறுநாள் மறுபடி மூச்சு நிற்கும். பயம் என்ன பல் தேய்க்கிற மாதிரி பழகியா போகிறது, தினம் புதிதாகத்தான் இருக்கிறது. இப்போது அறுபது தாண்டி, மலையடிவாரத்தில் கோரிமேட்டுச் சொந்த வீட்டு வாசலில், சாம்பல் நிறக் காரின் டிரைவர் சீட்டில், எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி உட்கார்ந்திருக்கிறபோதும் அதே மூச்சுதான்.

சூடாக வேண்டும். டேஷ்போர்டில் அந்தச் சின்ன ஊசி கீழே படுத்துக் கிடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்திருக்க மனமில்லாத பிள்ளை மாதிரி. அது நடுவுக்கு எழுந்து வந்தபிறகுதான் கியர் ஆயிலைப் பார்க்க வேண்டும், எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டுக்காரர் அருணகிரி சலூனுக்குப் போயிருக்கிறார். போகும்போது செருப்பைப் போட்டவர், வலது காலை ஒரு தரம் தூக்கிப் பார்த்து, கேட்டைச் சாத்திக்கொண்டு போனார். சலூனில் கூட்டம் இருக்க வேண்டும் முருகா. யாராவது தேர்தல் பேச்சை எடுக்க வேண்டும். எடுத்தால் அருணகிரி காது கேட்காவிட்டாலும் கருத்துச் சொல்லாமல் எழுந்து வரமாட்டார். அதற்குள் ஊசி எழுந்துவிடும். எழுந்தால் பானெட்டைத் திறந்து எண்ணெய் அளக்கும் கம்பியை உருவிப் பார்த்துவிடலாம். பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிடும் என்பதுதான் பிரச்சினை. எண்ணெய் குறைந்திருந்தால் கோளாறு காரில். எண்ணெய் சரியாக இருந்தால் கோளாறு அவர் காலில். சாயங்காலம் வண்டியைப் பார்த்து விலைக்கு எடுத்துப்போக ஆள் வருகிறது. ஊசியே, மெதுவாகவே எழுந்திரு, ஒன்றும் அவசரமில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மலையில், பாதி ஏறியிருப்பார்கள், ஆரஞ்சு விற்கிற பெண்கள் உட்கார்ந்திருக்கும் வளைவு. வண்டி திரும்பியது, திரும்பி அப்படியே அந்தரத்தில் தொங்குகிற மாதிரி நின்றது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை, பிறகு மெல்லப் பின்னால் வர ஆரம்பித்தது. அருணகிரியின் முகம் படத்தை உருவி எடுத்துவிட்ட மாதிரி வெறும் சட்டமாகிவிட்டது. கை பிரேக்கை இழுத்தது அவள். பின்னால் லாரிக்காரன் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு அவர்கள் வம்சத்தையே விசாரித்தான். கொஞ்ச நேரத்தில் வண்டி தானாகவே ஒரு உலுக்கு உலுக்கிக் கவ்விக்கொண்டது, ஏறியும்விட்டது. மேலே போய் ஏரிக்கரையில் நிறுத்திய பிறகுதான் அவர் பேசினார். "கால் கேக்கல ரஞ்சிதம். மிதிக்கிறேன், மிதிக்கிறேன்னு நெனைக்கிறேன், கால் மிதிக்கல." அவ்வளவுதான். சர்க்கரை வந்து எத்தனையோ வருஷமாகிறது, பாதம் அவ்வப்போது மரத்துப்போகும், தெரிந்த விஷயம். ஆனால் அதை அவர் சொன்ன குரல்தான். அவருடைய தம்பி கொசுவத்தி நெருப்பை மிதித்துக்கொண்டு நின்று, வாடை வந்தபிறகு "எங்கேயோ என்னமோ கருகுது" என்று மற்றவர்களிடம் சொன்னாரே, அந்தக் குரல். அந்தக் கால் பிறகு இல்லை. இறங்கும்போது அவளே ஓட்டிவந்தாள். அவர் பக்கத்து சீட்டில் மடியில் ஆரஞ்சுப் பையை வைத்துக்கொண்டு, நல்லவேளை ஆட்டோமேடிக் வண்டி வாங்கினோம், கிளட்ச் இருந்தால் நீ கத்துக்கிட்டிருக்கமாட்டே என்று சிரித்தார். வீட்டுக்கு வந்ததும் சாவியை ஃப்ரிட்ஜ் மேல் வைத்தார். அன்றிலிருந்து அவர் சீட்டி அடிக்கவில்லை. குளிக்கும்போது ராகம் தெரியாமல் ஒரு சீட்டி அடிப்பார், இத்தனை வருஷமாக நிறுத்தச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறாள். இப்போது குளியலறையில் தண்ணீர் மட்டும் விழுகிற சத்தம் கேட்டால் அடுப்படியில் அவளுக்குக் கை ஓடவில்லை.

ஆனால் அலறியதே. அதுதான் ஏழு நாளாகத் தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது. வளைவில் வண்டி தொங்கியபோது ஒரு எஞ்சின் அலறியது. ஊவென்று, எதிர்முனையில் ஆள் இல்லாமல் ஹலோ ஹலோ என்று கத்துகிற மாதிரி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வாழ்நாளில் பாதியைக் காதிலேயே கழித்தவள் அவள். ட்ரங்க் கால் போட்டுக் கொடுத்துவிட்டு ஒரு கணம் லைனில் நிற்பாள். இந்தப் பக்கம் ஹலோ என்றதும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி, பிறகு அந்தப் பக்கம் ஹலோ. அந்த இடைவெளியின் நீளத்தை வைத்தே லைன் உயிரோடு இருக்கிறதா செத்துவிட்டதா என்று சொல்லிவிடுவாள். அவர் கால் மிதிக்கவே இல்லை என்றால் எஞ்சின் எதற்கு அலற வேண்டும்? மிதித்ததால்தானே அலறியது? மிதித்தது எஞ்சினுக்குப் போயிருக்கிறது, எஞ்சினிலிருந்து சக்கரத்துக்குத்தான் போகவில்லை, நடுவில் லைன் கட். அவருக்கு அது கேட்டிருக்காது. காது மெஷின் சீட்டி அடிக்கிறது என்று அவர் அதை மாட்டுவதே இல்லை, இருவரும் ஒரே நேரத்தில் சீட்டி அடிக்க வேண்டாம் என்றோ என்னவோ. சரி, அலறியது நம் வண்டிதானா? அங்கேதான் முள். பின்னால் லாரி இருந்தது. லாரியும் அந்த நேரம் அலறியிருக்கலாம். ஹாரன் வேறு. எத்தனை லைன் ஒன்றாகக் கலந்தாலும் பிரித்துக் கேட்கிற காதுதான், ஆனால் பயந்துபோன காதை எந்தக் கோர்ட்டில் சாட்சியாக வைப்பது. ஊசி கொஞ்சம் தலையைத் தூக்கியிருக்கிறது.

கியர் லீவரை நகர்த்திப் பார்க்க வேண்டும், எல்லா இடத்துக்கும் ஒரு தரம் போய்வந்தால்தான் எண்ணெய் எல்லா வழியிலும் ஏறும். பிரேக்கை இன்னும் அழுத்தினாள். வண்டியை நிறுத்தி வைக்கிற பி-யிலிருந்து பின்னால் போகிற ஆர். காத்திருந்தாள். வரவில்லை, வரவில்லை, வாசலில் காகம் தண்ணீர்த் தொட்டியில் ஒரு வாய் குடித்து நிமிர்ந்தது, அப்புறம் டொக். என். முன்னால் போகிற டி. மறுபடி அந்த இடைவெளி, அதற்குள் ஒரு ஹலோவுக்கு மூன்று ஹலோ சொல்லிவிடலாம். புதுசில் இப்படி இல்லை, டி என்றதும் டக்கென்று பதில் வரும், நல்ல மருமகள் மாதிரி. சரி, அப்படியானால் கார்தான். கார்தான் என்று சொல்லிவிட வாய்வரை வந்தது, உடனே உள்ளேயிருந்து இன்னொன்று: வயசான வண்டி எல்லாம் கொஞ்சம் தாமதமாகத்தான் பதில் சொல்லும், நீ சொல்வதில்லையா. அவர் தூங்கும்போது விளக்குமாற்றுக் குச்சியால் பாதத்தில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தாள் புதன்கிழமை மத்தியானம். வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டு "கொசுவத்தி வைடி" என்றார். எத்தனை சந்தோஷம். சந்தோஷம் ஹால் வரைக்கும்தான் கூட வந்தது. அவள் கோடு இழுத்தது இடது காலில். வலது கால் போர்வைக்குள் இருந்தது. போர்வையை விலக்க எவ்வளவு நேரம் ஆகும், ஒரு விரல் போதும். அவள் விலக்கவில்லை. குச்சியைக் கொண்டுபோய் விளக்குமாற்றிலேயே திரும்பச் செருகிவிட்டு வந்து பூண்டு உரித்தாள்.

அந்தக் கம்பியை அவள் தனியாகப் பார்த்தது அதற்கும் அடுத்த நாள். எஞ்சினை அணைத்துவிட்டுத்தான், சும்மா, எங்கே இருக்கிறது என்று பார்க்க. எண்ணெய் அடையாளம்வரை நிறைந்து நின்றது. எண்ணெய் நிறைய இருக்கிறது, அப்படியானால் கால்தான். கம்பியைத் துடைத்துத் திரும்பச் செருகப் போனவளின் விரல்நகத்தில் ஏதோ தடுக்கியது, பூச்சி நடந்த மாதிரி பொடிப்பொடியாக எழுத்து. மாத்திரை அட்டையில் தேதி பார்க்கிற லென்ஸைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தாள். எஞ்சின் சூடாகி, ஓடிக்கொண்டிருக்கும்போது பார்க்கவும் என்று இங்கிலீஷில் அடித்திருந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போது! மற்ற எண்ணெய் எல்லாம் அணைத்துப் பார்ப்பது, இது மட்டும் ஓடும்போது. ஏன் என்று யோசித்துக்கொண்டே பாத்திரம் தேய்த்தாள், கடைசித் தட்டில் வந்தது. ஓடும்போது எண்ணெய் வேலைக்குப் போயிருக்கிறது, மேலே, மூலைமுடுக்கெல்லாம். அணைத்தால் எல்லாம் வீடு திரும்பிக் கீழே வந்து படுத்துவிடும். ராத்திரி கூடத்தில் பாய் விரித்தபிறகு ஆளை எண்ணி, அடேயப்பா இந்த வீட்டில் எவ்வளவு கூட்டம், நாலு பேரைத் துரத்துங்கள் என்றால் எப்படி? துரத்தியிருக்கிறாரே! ஆயுதபூஜையன்று. வழக்கமாகப் பார்க்கிற வொர்க்‌ஷாப்காரர் ஓசூர் பக்கம் போய்விட்டார் என்று இந்த வருஷம் எல்லாம் தன் கையாலேயே. சர்வே டிபார்ட்மென்டில் மலையையும் மேட்டையும் மட்டம் பார்த்தே ரிட்டையர் ஆனவர், வண்டியை நிறுத்தி, பானெட் மேல் ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவில் நிற்கும்வரை சக்கரத்துக்கு அடியில் பலகைத்துண்டு செருகி, அப்புறம்தான் கம்பியை எடுத்தார். மேலே நிற்கிறது எண்ணெய். "மடையன், அளவு தெரியாம ஊத்தியிருக்கான்" என்று ஊசிக்குழாயை விட்டு உறிஞ்சினார். மறுபடி பார்த்தார், இன்னும் மேலே. அடையாளத்துக்கு இறங்கும்வரை மறுபடி உறிஞ்சினார். உறிஞ்சியதை வீணாக்காமல் ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஊற்றி அலமாரியில் வைத்தார், அழகான சிவப்பு. பூஜைக்கு வந்த எதிர்வீட்டு ஜெயசீலி அதைப் பார்த்துவிட்டு, ரோஸ்மில்க் எசன்ஸா அக்கா, வீட்டிலேயே செஞ்சீங்களா என்று மூடியையும் திறந்துவிட்டாள். நினைத்து மனோரஞ்சிதம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள். சிரிப்பில் பிரேக் தளர்ந்து வண்டி ஒரு அங்குலம் நகர்ந்தது. ஐயோ என்று மிதித்து லீவரைப் பி-க்குத் தள்ளினாள்.

அவர் ஏன் ஓடும்போது பார்க்கவில்லை என்பதற்கும் காரணம் அவள்தான், அதையும் தட்டு கழுவும்போதே கண்டுபிடித்துவிட்டாள். முதல் காரில், எஞ்சின் ஓட ஓடக் குனிந்து என்னவோ பார்த்துக்கொண்டிருந்தவரின் தோளில் கிடந்த துண்டை ஃபேன் கவ்வி இழுத்துக்கொண்டது. துண்டோடு கழுத்து ஒரு சாண் உள்ளே போனது. அவள் சட்டையைப் பிடித்து இழுத்தாள், துண்டு கிழிந்து பாதி உள்ளே, பாதி தோளில். அன்று அவர் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு, இனி எஞ்சின் ஓடும்போது பானெட்டைத் திறக்கமாட்டேன் என்று சத்தியம் வாங்கினாள். சிகரெட்டை விடுகிறேன் என்று செய்த சத்தியம் தீபாவளி தாண்டவில்லை. இது மட்டும் இத்தனை வருஷம் நின்றிருக்கிறது. ஊசி நடுவில் நிற்கிறது. எப்போது வந்ததோ, ரொம்ப நேரமாகவே நிற்கிறதோ. உட்கார்ந்துகொண்டே இருக்கலாம், பெட்ரோல் தீரும்வரை. தெரியாத வரைக்கும் அவருக்கு இரண்டு காலும் இருக்கிறது. எழுந்திரு மனோரஞ்சிதம். முந்தானையை இழுத்து இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டாள். சத்தியம் செய்தது அவர், நான் இல்லை.

பானெட்டைத் தூக்கியதும் சூடான காற்று முகத்தில் அடித்தது, தோசைக்கல் மாதிரி. கம்பியின் வளையத்தில் விரலை விட்டபோது கேட் திறக்கிற சத்தம். அருணகிரி தலையில் துண்டைப் போட்டுப் பிடித்துக்கொண்டு நின்றார். துண்டு நழுவியது. வலது பக்கம் முடி ஒட்ட வெட்டியிருந்தது, இடது பக்கம் போனபோது இருந்த காடு அப்படியே. "கரண்டு போச்சு, மெஷின் நின்னுபோச்சு" என்று சொல்ல ஆரம்பித்தவர் உள்ளே ஃபேன் சுற்றுவதைப் பார்த்துவிட்டார். "ஏய், ஏய், ரஞ்சிதம்! எஞ்சின் ஓடுதுடி! கையை எடு!" "ஓடறது தெரியும். ஓடணும்னுதான் ஓடவிட்டிருக்கேன். தள்ளி நில்லுங்க." "என்கிட்ட மட்டும் சத்தியம் வாங்கினே?" "உங்ககிட்ட வாங்கினேன். நான் எங்கே குடுத்தேன்?" "வக்கீலுக்குப் படிச்சிருக்கணும் நீ, டெலிபோன்ல போய் உக்காந்தே." "அரைத்தலை மனுஷர்கூட எனக்குப் பேச்சு வேண்டாம், அங்கேயே நில்லுங்க, சத்தியம் பத்திரம்." கம்பியை உருவினாள். துணியில் துடைத்தாள். மறுபடி அடிவரை செருகினாள். வெளியே எடுப்பதற்கு முன் வளைவும் பஸ்ஸும் ஜன்னல் கம்பியின் குளிர்ச்சியும் ஒன்றாகக் கன்னத்தில் வந்து ஒட்டின. கவ்வுமா, கவ்வாதா. எடுத்தாள்.

நுனியில் மட்டும் ஒரு துளி. மருதாணி வைத்த சுண்டுவிரல் மாதிரி நுனி மட்டும் சிவப்பு, அடையாளங்கள் எல்லாம் மேலே காய்ந்து கிடந்தன. முகர்ந்து பார்த்தாள், கருகின வாடை இல்லை, நல்ல எண்ணெய்தான், கொஞ்சம்தான். வண்டியின் பக்கவாட்டில் சாய்ந்துகொண்டு கம்பியை நீட்டினாள். "லெவல் ஆபீசர் இதைப் பார்க்கணும்." அவர் சத்தியத்துக்கு எட்டாத தூரத்தில் நின்று கழுத்தை மட்டும் நீட்டினார். "என்னடி ஒண்ணுமே இல்ல? வழிஞ்சுதே அன்னைக்கு!" "அணைச்சுட்டுப் பாத்தா வழியும். ஓடறப்பப் பார்க்கணும்னு கம்பியிலயே எழுதியிருக்கான்." "அது கம்பெனி பேருன்னு நெனைச்சேன்." "கண்ணாடி போட்டா கம்பெனி பேரு மாறும்." "ரசமட்டம் வெச்சுத்தானே பாத்தேன் ரஞ்சிதம்," என்றார் சின்னக் குரலில், அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது, வந்த நீர் சிரிப்போடு நிற்காமல் தன்பாட்டுக்குக் கொஞ்சம் வந்தது. "அன்னைக்கு மலையில வண்டி அலறிச்சுங்க. நான் கேட்டேன். லாரி இல்ல, நம்ம வண்டிதான். நீங்க மிதிச்சதாலதான் அலறிச்சு. எண்ணெய் வளைவுல ஒரு பக்கமா ஒதுங்கிடுச்சு, மிதிச்சது சக்கரத்துக்குப் போய்ச் சேரல. கால் மிதிச்சுதுங்க." அவர் குனிந்து செருப்புக்குள் வலது கால் விரல்களைப் பார்த்தார். ஒவ்வொன்றாக மடக்கி நீட்டினார், யாரையோ வெகுநாள் கழித்துத் தெருவில் பார்த்து அடையாளம் கண்டுகொள்வது போல.

ஹார்லிக்ஸ் பாட்டில் வந்தது. காபி வடிகட்டியை அவள் எடுத்தபோது, "அது நான் காபி குடிக்கிற வடிகட்டி" என்றார். "நாளையிலேர்ந்து அது இவன் குடிக்கிறது." நீளக் குழாயும் புனலும் வைத்து, எஞ்சின் ஓட ஓட, கொஞ்சம் ஊற்றினாள், கம்பியைப் பார்த்தாள், கொஞ்சம் ஊற்றினாள். "போதும் போதும், அவசரப்படாதே, கீழே இறங்கட்டும்" என்று வாசற்படியிலிருந்து அதிகாரம் வந்துகொண்டே இருந்தது. சிவப்பு அடையாளத்தின் நடுவில் வந்து நின்றபோது பாட்டிலின் அடியில் இரண்டு ஸ்பூன் மீதி. பானெட்டை அவள் மூடிய பிறகுதான் அவர் கிட்டே வந்தார். நான் உட்காரவா என்று கேட்கவில்லை, உட்காருங்கள் என்று அவளும் சொல்லவில்லை. கதவைத் திறந்து, அரைத் தலையோடு ஏறி உட்கார்ந்து, வலது காலைத் தூக்கிப் பிரேக்கின் மேல் வைத்து மிதித்தார். லீவரில் கை. அவள் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றாள். டி. டொக். நடுவில் மௌனமே இல்லை, இருந்தாலும் ஒரு கொசு நுழைய இடமில்லை. அவருக்குக் கேட்டிருக்காது. ஆனால் அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "கால்ல தெரியுது" என்றார். "என்ன தெரியுது?" "கவ்வினது. பெடல்ல உதைச்சுது. உள்ளங்கால்ல தெரியுது ரஞ்சிதம்." மறுபடி என், மறுபடி டி, அதை மட்டுமே செய்துகொண்டிருந்தார். எதிர்வீட்டு மாடியிலிருந்து ஜெயசீலி, "அண்ணனுக்கு என்னக்கா ஆச்சு தலையில?" என்று கத்தினாள். சலூன் பக்கம் கரண்டு வந்துவிட்டதா தெரியவில்லை, வந்திருந்தாலும் காத்திருக்கட்டும். சாயங்காலம் வருகிறவரிடம் வண்டி விற்பதற்கு இல்லை என்று யாராவது போன் செய்ய வேண்டும். அவள்தான் செய்ய வேண்டும், அவருக்குப் போனில் கேட்காது. அவள் அந்தப் பக்கம் சுற்றிப் போய் ஏறி உட்கார்ந்தாள். முதல் வளைவு வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றார் அவர். கேட்டைத் தாண்டும்போது, ராகம் தெரியாமல், சீட்டி.

அதற்குப் பிறகு அருணகிரி பல வருஷம் கார் ஓட்டினார், ஏற்காட்டுக்கும் போய்வந்தார். எஞ்சின் ஓடும்போது கடைசிவரை அவர் பானெட்டைத் திறக்கவில்லை. கியர் ஆயிலை மனோரஞ்சிதம்தான் பார்த்து வந்தாள்.